பொன்னுப்பாண்டியின் பெருவிரல்

பொன்னுப்பாண்டிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் வந்து கம்பையும் கீற்றையும் அவிழ்த்துக்கொண்டு போன மறுநாள், அவருடைய மகள் குருவம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வலது பெருவிரலைக் கைரேகை மெஷினில் வைத்தபோது, மெஷின் அவளைப் பொன்னுப்பாண்டி என்று சொன்னது. கடையில் பில் போடும் தங்கபுஷ்பம் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

“யக்கா, ஒங்கப்பா பேர்ல விழுது. அரிசி மட்டுமா, சீனியும் போடவா?”

“ரெண்டும் போடு” என்றாள் குருவம்மாள்.

அதற்கு முன்னால் எந்த மெஷினும் அவளை யாரென்றும் சொன்னதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, பசை தொட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்து, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குப் பதினொரு வருஷம் துணி அலசி, அவளுடைய பத்து விரலும் கூழாங்கல் மாதிரி வழுவழுத்துப் போயிருந்தன. அவள் விரலைக் கண்டாலே மெஷினில் சிவப்பு விளக்கு எரியும். அதனால் மாதம் ஒருமுறை அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள், அவர் விரலை இவள் பிடித்து மெஷினில் வைப்பாள், அவர் விரலுக்கு அரிசி வரும், இவள் தூக்கிக்கொண்டு போவாள். இப்போது நாற்காலி இல்லாமல் விரல் மட்டும் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அப்பாவின் விரலேதான். வாலிபத்தில் ஜின்னிங் மில் ரம்பம் இழுத்த தழும்பு விரல் முகப்பில் மேலிருந்து கீழே சாய்வாக ஓடியது, நகம் அகலமாக நடுவில் ஒரு வரப்போடு இருந்தது. அவர் நகம் வளர விடமாட்டார், பஞ்சில் மாட்டும் என்பார். அவள் கத்தரிக்கோலை எடுத்து அந்த நகத்தை ஒட்ட வெட்டினாள், பிறகு உலை வைத்தாள்.

பொன்னுப்பாண்டி எங்கள் ஊர்ப் பருத்திப் பேட்டையில் இழை பார்க்கிறவராக இருந்தவர். மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சைப் பிடுங்கி, இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவே வைத்து இழுத்து, இழை இவ்வளவு நீளம் என்று சொல்வார், அவர் சொன்னால் வாங்குகிறவரும் விற்கிறவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பஞ்சைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் அதிகம் பேசியதில்லை. மகன் ஜெயக்கொடி படித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான். வந்துவிட்டு அவன் ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும், அவர் சாமி படத்தின் அடியிலிருந்து திருநீற்றைத் தொட்டு, அவன் நெற்றியில் பெருவிரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். தழும்பு பட்ட இடத்தில் மட்டும் திருநீறு ஒட்டாமல், அந்தக் கீற்றின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு விழுந்திருக்கும். ஜெயக்கொடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது தெருவில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்ப்போம், ‘பொன்னுப்பாண்டி பிள்ளையோடயே போறாரு’ என்று சிரிப்போம்.

குருவம்மாளுக்கு அவர் பூசியதில்லை. பிரியம் இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் பூசுவார்கள், அவள் எங்கேயும் கிளம்பியதில்லை. இரண்டு மாப்பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், ஒருவருக்கு இவள் நிறம் பிடிக்கவில்லை, இன்னொருவருக்கு இவள் அம்மாவின் இருமல் பிடிக்கவில்லை. அம்மா செத்தாள், அப்பா விழுந்தார், அவளுக்கு நாற்பத்தொன்பது வயது ஆயிற்று.

பொன்னுப்பாண்டி உயில் எழுதி வைக்கவில்லை. காரியத்துக்கு வந்த ஜெயக்கொடி அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தபோது, வீட்டுப் பத்திரமும், காகிதத்தில் மடித்த முந்நூறு பஞ்சுச் சிட்டிகைகளும், ஒவ்வொரு மடிப்பின் மேலும் தேதியும் இழையின் நீளமும்தான் இருந்தன. அவன் ஊருக்குப் போன பிறகு குருவம்மாளும் அந்தப் பெட்டியைத் தேடினாள். முந்நூறு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்பக்கமும் பார்த்து, மறுபடியும் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். அவள் தேடியது வீட்டை இல்லை. அப்பாவின் கையெழுத்தில் தன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தாள், பார்த்தவரைக்கும் இல்லை.

விரல் வந்த சங்கதியை எங்கள் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் எல்லோரும் போய்ப் பார்த்தோம், இரண்டாம் நாள் சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணிச் சொன்னோம், பத்தாம் நாள் அது குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சாதாரண காரியம் ஆகிவிட்டது. பேட்டையிலிருந்து வியாபாரிகள் பஞ்சோடு வந்தார்கள், வாழ்நாளில் பருத்தி இழையைத் தொட்டு அறியாத குருவம்மாள் ஒரு சிட்டிகையை இழுத்து “இருபத்தெட்டு” என்றாள், அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுச் சுடலைமணி, சாக்கடைத் தகராறில் பொன்னுப்பாண்டியோடு பத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தவர், ஒரு காலையில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார், அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கி நான் பேசுனது தப்புதான் அண்ணாச்சி” என்று தேம்பித் தேம்பி அழுதார், கண்ணைத் துடைத்தார், விரலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். கல்யாணப் பத்திரிகைகளை அந்த விரலில் தொட்டுக் கொடுத்தார்கள். கோயில் கமிட்டி கூட்டத்தில் அந்த விரல் உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள், விரலோடு வந்ததால் அவளும் உட்கார்ந்தாள்.

தெற்குத் தெருவில் ஒரு குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்கு முதன்முதலாகச் சீனித் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம், வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவோம். கல்யாணமாகாத குருவம்மாளை இத்தனை வருஷத்தில் யாரும் சேனை வைக்கக் கூப்பிட்டதில்லை. இப்போது ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனார்கள். அவள் சீனித் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தபோது, குழந்தையின் ஆத்தாள் பக்கத்து வீட்டுக்காரிகளுக்குக் கேட்கிற மாதிரி, “அக்கா கை இல்ல, பெரியவர் கை” என்றாள். குழந்தை விரலைச் சப்பியது. அதற்குத் தெரியாது, பாவம்.

வருகிறவர்கள் எல்லோரும், “அப்பா எப்படி இருக்காக?” என்றே கேட்டார்கள். “இருக்காக” என்றே அவளும் சொன்னாள். நாங்கள் விரலைப் பார்த்துப் பேசினோம், விரலிடம் சொல்லிக்கொண்டு போனோம், மணிக்கட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டாளா, காய்ச்சலா, ஏன் மெலிந்து போனாள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அவள் அந்த மாதங்களில் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். மத்தியானத்தில் வேலை ஓய்ந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். உயிரோடிருந்த காலத்தில் அந்த விரல் அவள் கன்னம் வரை வந்ததில்லை.

ஆவணி பிறந்ததும் ஜெயக்கொடி வந்தான். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியாயிற்று, மகள் குருவம்மாள், மகன் ஜெயக்கொடி என்று அதில் இரண்டே பேர். வீட்டை விற்று ஓசூரில் சொந்தமாக இடம் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அவன் கெட்டவன் இல்லை, எங்கள் ஊரில் எல்லாத் தம்பிகளும் எல்லா அக்காக்களிடமும் கேட்பதைத்தான் கேட்டான்.

“யக்கா, ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துரு. எம் பாத்தியத்த விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான். நீ எங்கூட வந்துரு. ஒனக்குன்னு ஒரு ரூம் இருக்கு.”

அந்த அறையை அவளுக்குத் தெரியும். அவன் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவில் பார்த்திருக்கிறாள், அதில் ஏற்கெனவே துணி துவைக்கிற மெஷின் குடியிருந்தது. ஆனாலும் தம்பி கேட்டுவிட்டானே என்று சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

சப் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பந்தலடியில் உட்கார்ந்து பத்திரம் எழுதும் சீனிவாசகம், ‘எனக்குரிய பாத்தியத்தை என் முழு மனதுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்’ என்று நாற்பது வருஷமாக எழுதி எழுதி மனப்பாடமாகிப் போனதை எழுதிக் கொடுத்தார். உள்ளே பதிவாளர் அம்மா வாசித்துப் பார்த்து, விரலை வைக்கச் சொன்னார். குருவம்மாள் ஒவ்வொரு விரலாக வைத்தாள். ஒன்பது விரலுக்கும் சிவப்பு எரிந்தது. பத்தாவது விரலுக்குப் பச்சை எரிந்தது, பொன்னுப்பாண்டி என்று திரையில் வந்தது.

பதிவாளர் அம்மா திரையைப் பார்த்தார், இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“உயிரோட இருக்கிறவருக்கு வாரிசு கிடையாதும்மா. செத்தவரு பத்திரம் எழுதவும் முடியாது. ரெண்டுல எதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அடுத்த டோக்கன்!”

வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அந்த விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, “அப்பா” என்று அழுதான். நடிப்பு இல்லை, நிஜமான அழுகைதான், அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அழுது முடித்த பிறகு சொன்னான்.

“யக்கா, அப்பா இருக்காகன்னே வச்சிக்கிடுவோம். அப்ப அவுகளே எம் பேருக்கு எழுதிக் குடுத்துரட்டும். செட்டில்மென்ட்டா போட்ருவோம். அவுக மனசுலயும் அதான இருந்திருக்கும்?”

“அவுக மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒனக்குச் சொன்னாகளா?”

“சொல்லணுமாக்கும்? ஆம்பளப் பிள்ள நான் ஒருத்தன்தான இருக்கேன்.”

தெருவில் நாங்களும் இதைப் பேசினோம். பொன்னுப்பாண்டி மனதில் என்ன இருந்தது என்று, அவரோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத நாங்கள், டீக்கடையிலும் குழாயடியிலும் அடித்துச் சொன்னோம். மகனுக்குத்தான் நினைத்திருப்பார் என்றோம். இவளுக்கு எதற்கு வீடு, ஒற்றை உயிர், அவன் ஒரு ரூம் தருகிறான் அல்லவா என்றோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னோம்.

பத்திரம் எழுதும் சீனிவாசகம் மட்டும் மாலையில் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தாயி, நான் சொன்னேன்னு வெளிய விட்றாத. தம்பிக்கு எழுதுற விரலு ஒனக்கு எழுதாதா? விரல் ஒங்கிட்ட இருக்கு. ‘எம் மகள் குருவம்மாளுக்கு’ன்னு நாந் தட்டச்சுப் பண்ணிக் கொண்டாறேன். நீ வைக்க வேண்டியது, அம்புட்டுத்தான். பதினோரு வருசம் பாத்திருக்க, ஒரு பய வாயத் தெறக்க மாட்டான்.”

அவர் போன பிறகு குருவம்மாள் வெகுநேரம் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தம்பி சொன்னதும் சீனிவாசகம் சொன்னதும் அவளுக்கு ஒரே மாதிரிதான் பட்டது, இரண்டு பேரும் அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். முதலில் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சு மடிப்பை எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் பார்க்காமல் இழுத்தாள், “முப்பது” என்று வாய் தானாகச் சொன்னது, திருப்பிப் பார்த்தால் முப்பதுதான். விரல் விழிப்பாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு துண்டுக் காகிதங்களில் தம்பி பெயரையும் தன் பெயரையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலைத் தம்பி பெயர் மேல் வைத்துக் காத்திருந்தாள். தன் பெயர் மேல் வைத்துக் காத்திருந்தாள். தம்பி பெயர் மேல், தன் பெயர் மேல், தம்பி பெயர் மேல், தன் பெயர் மேல். அரை நூல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற விரல் அந்த இரண்டு காகிதங்களையும் வெறும் காகிதமாகத்தான் தொட்டது.

அப்போதுதான் அவள் அழுதாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவளுக்கு வீட்டைவிட இதுதான் வேண்டியிருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அவர் இரண்டு பிள்ளைகளையும் அருகருகே வைத்து ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாரா, பார்த்திருந்தால் இவள் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாரா. நினைக்கவே இல்லை போலிருக்கிறது. மகனுக்கும் நினைக்கவில்லை, மகளுக்கும் நினைக்கவில்லை, அவர் பஞ்சை நினைத்துக்கொண்டே போய்விட்டார். அந்த விரலில் இருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சீனிவாசகத்தின் பந்தலடியில் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். ஒண்ணுமே எழுதாமச் செத்துப் போனா சட்டத்துல என்ன?”

“அதுலென்ன இருக்கு? மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சரிபாதி.”

“பாத்துக்கிட்ட மகளுக்கு?”

“சரிபாதிதான்.”

“பாக்காத மகளுக்கு?”

“அவளுக்கும் சரிபாதிதான் தாயி. சட்டம் யாரு பாத்தா, யாரு பாக்கலன்னு பாக்காது. யாரு மேல பிரியம் சாஸ்தின்னும் கேக்காது. பிள்ளையா, பிள்ளைதான், அம்புட்டுத்தான்.”



“அப்ப எனக்கு அதுதான் வேணும்” என்றாள். “யாரும் பாத்துக் குடுக்காத பங்கு.”

இந்த வார்த்தையை ஜெயக்கொடியால் தாங்க முடியவில்லை. ஓசூர் திரும்பியிருந்த அவன் போனில் கத்தியது எங்களுக்குத் தெருவரை கேட்டது. அப்பா கையை வைத்துக்கொண்டே அப்பா சொத்தைத் துண்டு போடுகிறாயே என்றான், இனிமேல் எனக்கு அக்கா கிடையாது என்றான், அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “புதன்கெழம பத்து மணிக்கு டோக்கன் போட்ருக்கு, வந்துருப்பா” என்றாள். வராமல் இருந்துவிடத்தான் நினைத்தான். ஆனால் விரல் அக்காவிடம் இருக்கும்வரை அப்பா சாகவில்லை, அப்பா சாகாதவரை அவனுக்கும் ஒன்றுமில்லை என்று சீனிவாசகம் அவனுக்கு விளக்கிச் சொன்னார். செத்தவராக ஆக்குவதற்கு அக்காவால் முடியுமா என்று அவன் கேட்டான். அது அவளுக்கே தெரியாது, புதன்கிழமை விரலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் இவர்.

புதன்கிழமை காலையில் குருவம்மாள் தலைக்குக் குளித்து, நீலச் சேலை கட்டி, வாரிசுச் சான்றிதழை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கப் போனவள் நின்றாள். அவள் இன்றைக்குக் கிளம்புகிறாள். தனக்காக என்று ஒரு இடத்துக்கு அவள் கிளம்புவது இதுதான் முதல் தடவை. திரும்பி வந்து சாமி படத்தின் அடியில் இருந்த திருநீற்றை அப்பாவின் விரலால் தொட்டு, தன் நெற்றியில் தானே ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டாள். கண்ணாடி பார்க்கவில்லை. அப்பா பூசிவிட்டால் யாரும் கண்ணாடி பார்ப்பதில்லை, அப்படியே போய்விடுவார்கள்.

ஆபீசில் நடந்ததைச் சீனிவாசகம்தான் எங்களுக்குச் சொன்னார். ஜெயக்கொடி ஒரு கேள்விப் பட்டியலோடு வந்திருந்தான், வக்கீலைப் பார்த்திருந்தான், வாயைத் திறக்கப் போனவன் அக்காவின் நெற்றியைப் பார்த்தான். பஸ் ஜன்னல் கண்ணாடியில் நூறு தடவை தன் நெற்றியில் பார்த்த கோடு அது, திருநீற்றின் குறுக்கே சாய்வாக, அளவு மாறாமல் இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

பதிவாளர் அம்மா பாகப்பிரிவினைப் பத்திரத்தை வாசிக்கச் சொன்னார். குருவம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“காலஞ்சென்ற...” என்று தொடங்கியதும் நிறுத்தினாள்.

ஐந்து மாதத்தில் அவள் வாயால் அதைச் சொன்னதே இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்தவர்களிடம் சொல்லவில்லை, தங்கபுஷ்பத்திடம் சொல்லவில்லை, எப்படி இருக்காக என்று கேட்ட எங்களிடமெல்லாம் இருக்காக என்றே சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் பின்னால் கனைத்தார்கள். அவள் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“காலஞ்சென்ற பொன்னுப்பாண்டி அவர்களின் குமாரத்தி குருவம்மாள் ஆகிய எனக்கு, ஜெயக்கொடி பாகத்துக்குக் கிழக்கு, சுப்பக்காள் வீட்டுச் சுவருக்கு மேற்கு, ஓடைப் பாதைக்கு வடக்கு, ஜின்னிங் மில் தெருவுக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்குள் உள்ள இடமும், அதிலுள்ள ஓட்டு வீட்டின் கிழக்குப் பாகமும், அடுப்படியும், கதவு நிலை ஜன்னலும், மின் இணைப்பும், நடைபாதை பாத்தியமும் உட்பட...” என்று கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தாள்.

விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். பச்சை எரிந்தது. திரையில் குருவம்மாள் என்று வந்தது, தகப்பனார் பெயர் பொன்னுப்பாண்டி என்று அதன் கீழே வந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள், திரையைத் தொடாதீங்க என்றார் பதிவாளர் அம்மா. பிறகுதான் விரலைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இல்லை. சின்னப் பிள்ளையின் விரல் போலப் புதிதாக, நெருக்கமான ரேகைகளோடு, அது அவளுடைய விரலாக இருந்தது. போட்டோவுக்கு நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். அந்தப் போட்டோ ஒட்டிய பத்திரம் பின்னால் அவள் கைக்கு வந்தபோது, ஆபீஸ் முத்திரை சரியாக அவள் நெற்றியின் மேல் விழுந்திருந்தது.

ஜெயக்கொடி அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டான். நடுவில் சுவர் எழுப்பவும் தன் பாகத்தை விற்கவும் பிறகு ஆளை அனுப்பினான், அவன் வரவில்லை. வியாபாரிகளும் வரவில்லை, சுடலைமணியும் வரவில்லை, கோயில் கமிட்டியில் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். விரல் போன பிறகு அந்த வீட்டில் எங்களுக்கு என்ன வேலை?

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை மத்தியானத்தை. உச்சி வெயிலில் அவள் ஒற்றையாகத் தெருவில் நடந்து வந்தாள், ஒரு கையில் மஞ்சள் பை, அடிக்கொரு தரம் நின்று தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், எங்காவது கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். அன்றைக்குத்தான் நாங்கள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தோம் என்று நினைக்கிறேன். அவள் தேடியது அவள் நெற்றியில் இருந்தது. கீற்று கலையாமல் இருந்தது, குறுக்கே அந்தச் சாய்ந்த கோடு பளிச்சென்று தெரிந்தது, உலகத்தில் பொன்னுப்பாண்டியின் விரலென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஒருத்தர் கூப்பிட்டு, உள்ளே வா குருவம்மா, கண்ணாடியில் பார் என்று சொல்லியிருக்கலாம். யார் முதலில் பேசுவது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் தன் வாசலுக்கு வந்து, பையைக் கீழே வைத்து, சாவியை எடுத்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது போலிருக்கிறது. முந்தானையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போனாள்.